ஊற்றாமல் வைத்த தண்ணீர்

நான் ஒரு மனிதரின் கண்ணைச் சோற்று அகப்பையால் பழுதாக்கிவிட்டுச் சிறைக்குப் போனவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், இவ்வளவு நேரமும் நல்ல பிள்ளை மாதிரிக் கதைவிட்டுக்கொண்டிருந்தானே என்று திட்டுவீர்கள்.

நோர்வேயில், ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கிற விழா. நான் பரிமாறுகிற மேசையில் நின்றேன். அம்மா முன்வரிசையில் பட்டுச் சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக இருந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. அவர் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "கொப்பர் போய்ப் பத்து வருசமாகுது. கொம்மா இன்னும் பொட்டோட முன்னுக்கு இருக்கிறா. நீயாவது அந்தியேட்டியைச் செய்து முடியன்."

அப்பாவை யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சைக்கிளோடு மறித்தார்கள். மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடந்தது. உடலும் இல்லை, கடிதமும் இல்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. நான் ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டபோதும், "அவர் வந்து தேடினால்?" என்று இரண்டு வருடம் வர மறுத்தாள். ஆகவே, செத்தவருக்குச் செய்கிற கருமத்தை அப்பாவுக்குச் செய் என்று அந்த மனிதர் சொன்னது என் காதில் விழுந்தபோது அகப்பை என் கையில் இருந்தது. முதல் அடி கன்னத்தில், இரண்டாவது கண்ணில். மிச்சத்தை நான் எண்ணவில்லை, அரச வழக்கறிஞர் எண்ணியிருந்தார். அடிவாங்கிய மனிதர் விழும்போது சோற்றுச் சட்டியும் கவிழ்ந்தது. வெள்ளைச் சோறு சிவந்து கிடந்ததைத்தான் இப்போதும் முதலில் நினைக்கிறேன். அவருடைய முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

மூன்று வருடம் போட்டார்கள்.

சிறை ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லெஸ்ட்ரோம் நகரையும் தாண்டிப் பேருந்தில் போகவேண்டிய ஓர் இடம். நோர்வேச் சிறை என்றால் விடுதி மாதிரி இருக்கும் என்று ஊரில் கதை உலாவுகிறது. கட்டில் நல்ல கட்டில்தான். ஆனால் அதில் படுக்கிற ஆட்கள் எல்லாச் சிறையிலும் படுக்கிற ஆட்களே. நான் போன முதல் மாதத்தில் ஒருவன் கேத்தலில் சீனி போட்டுக் கொதிக்கவைத்து, தொலைக்காட்சி ரிமோட்டைத் தரமறுத்தவனின் முகத்தில் ஊற்றினான். சீனி எதற்கென்றால், அது தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்த அலறலைக் கேட்டபடியே நாங்கள் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தோம்.

இன்னொன்றும் இருந்தது. நோர்வேயில் எங்களுடைய அப்பாவின் பெயர்தான் எங்களுக்குக் குடும்பப் பெயர். விசாக் கடதாசிகள் அப்படி ஆக்கிவைத்துவிட்டன. அறைக்கதவில் அப்பாவின் பெயர், சலவைப் பையில் அப்பாவின் பெயர். காலையில் காவலர்கள் எழுப்புவதும் அவர் பெயரைச் சொல்லித்தான். காணாமல்போன மனிதரை அங்கே நாளுக்குப் பத்துத் தரம் கூப்பிட்டார்கள். நான் "யா" என்று பதில் சொன்னேன்.

சிறையில் நடந்த வரலாற்று வகுப்புக்கு நான் போனது அறிவுத் தாகத்தால் அல்ல. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மரப்பட்டறையில் பலெட் என்கிற சாமான் அடுக்கும் மரத்தட்டுகளை அடிப்பதிலிருந்து தப்பலாம், வாஃபல் என்கிற சுட்ட பணியாரமும் பழுப்புச் சீஸும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: ஆப்பிரிக்காவின் வரலாறு, எங்கள் வாயால். வாசலில் நின்ற காவல்பெண் என்னை மறித்து, "இது ஆப்பிரிக்கர்களுக்கு" என்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே எல்லாரும் பேசியது நோர்வேஜிய மொழி. என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்டது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"அவரும் கறுப்பாத்தானே இருக்கிறார். வரட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் என்னை விடக் கறுப்பானவனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் ஒரு கேவலமான சொல் இருந்தது, அதைக் கூச்சமில்லாமல் பாவித்தோம். ஆனால் வாஃபலின் வாசம் வந்தது. போய் உட்கார்ந்தேன்.

குரலுக்குரியவள் முப்பத்தைந்து வயதுப் பெண். ஒஸ்லோவில் பிறந்தவள், அப்பா கானாக்காரர். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. அவளோடு எரித்திரியாக்காரரான ஒரு ட்ராம் ஓட்டுநர் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். சம்பளம் இல்லை. இருவரும் தங்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தார்கள். இந்த வகுப்புக்கு அனுமதி கேட்டு ஒரு வருடமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கிடைத்த அனுமதி ஒரேயொரு நிபந்தனையோடு வந்தது. அவள் அதை முதல் நாளே சொன்னாள்.

"இந்த அறைக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கை ஓங்கினால் அண்டைக்கே வகுப்பு முடிஞ்சுது. இது சிறையின்ர சட்டம். என்ர சட்டம் வேற. பள்ளிக்கூடப் புத்தகங்கள் எங்களைப்பற்றிப் பொய் சொன்னது. அதைத் திருத்த வந்தனான். அதால இஞ்சை நான் பொய் சொல்லமாட்டன். ஆருக்காகவும் சொல்லமாட்டன்."

பிறகு ஒரு வழக்கத்தைத் தொடங்கினாள். வகுப்புக்கு முன்பு, இறந்தவர்களின் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றவேண்டும். தன் அப்பாவின் ஊரில் அப்படித்தான் என்றாள். மண்ணில் ஊற்றவேண்டும், அங்கே இருந்தது லினோலியம் தரை. முதல் சொட்டு விழுந்ததும் காவல்பெண் துடைப்பத்தோடு வந்துவிட்டார். அடுத்த கிழமை ட்ராம்காரர் ஒரு பூச்சட்டி கொண்டுவந்தார். அந்தச் செடி தண்ணீர் கூடிக்கூடியே மஞ்சளாகிப் போனது.

"ஆர் வயசில மூத்தவரோ அவர்தான் ஊத்தவேணும்" என்றாள். ஒன்பது பேர் இருந்தோம். வயதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் நான்தான் அங்கே கிழவன்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும்: ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது அப்பாவை இழந்தவன். அப்பா இருக்கிறவன் அந்தப் பக்கமே போகக்கூடாது. போனால் உயிரோடு இருப்பவருக்குக் கருமம் செய்ததாகிவிடும். நான் ஒருபோதும் செய்ததில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்ரிக் குவளையைக் கையில் தந்தபோது எனக்குள் ஒரு சட்டத்தரணி எழுந்து வாதாடினான். இதில் எள் இல்லை, தர்ப்பை இல்லை, ஐயர் இல்லை. இது ஆப்பிரிக்கர்களின் காரியம், எங்கள் கணக்கில் வராது. பாதுகாப்புக்கு இடக்கையால் ஊற்றினேன். ஒவ்வொருவரும் பெயர் சொல்லச் சொல்ல ஊற்றினேன். என் முறை வந்தபோது "எனக்கு ஆக்கள் இல்லை" என்றேன். அதன்பிறகு என்னை எல்லாரும் மூத்தவர் என்று கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே என்னை அகப்பைக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எட்டுக் கிழமை, எட்டு வெள்ளியும், போனேன். அவள் ஒரு பழைய வரைபடத்தை விரித்து, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் டென்மார்க்–நோர்வே அரசுக்கு இருந்த கோட்டைகளைக் காட்டினாள். பிறகு விரலை இழுத்துக்கொண்டுபோய் இன்னொரு கரையில் வைத்து என்னைப் பார்த்தாள். தரங்கம்பாடி. அதே கொடி. எங்கள் பக்கக் கரைகளில் நெய்த துணிகளும் அந்த வியாபாரத்தில் ஓடின, துணி கொடுத்து ஆட்களை வாங்கினார்கள் என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த காம்பியாக்காரன் என் சட்டையைப் பிடித்துப் பார்த்தான். அவன் என் பக்கத்து அறைக்காரன், இருபத்தாறு வயது, ஒஸ்லோவில் ஆற்றங்கரையில் போதைப்பொருள் விற்றுப் பிடிபட்டு உள்ளே வந்தவன்.

"என்ர பாட்டனுக்கு இப்பிடி எத்தினை முழம் குடுத்தவங்கள்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரண்டு வாஃபல் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.

இன்னொரு நாள் தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டாள். கப்பலின் அடித்தட்டில் ஓர் ஆளுக்குக் கிடைத்த அகலம் அவ்வளவுதான் என்று சொல்லி எங்களைப் படுக்கச் சொன்னாள். ஒன்பது ஆண்கள் தோளோடு தோள் நெரிந்து படுத்தோம். அவள் வாசித்தாள்: சூட்டுக்கோல், சங்கிலி, செத்தவனோடு சேர்த்துக் கட்டப்பட்டபடி விடிந்த காலைகள், கடலில் எறியப்பட்ட நோயாளிகள். எனக்கு அருகில் படுத்திருந்த சோமாலியாக்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காம்பியாக்காரன் திடீரென்று எழும்பி ஒரு கதிரையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கதிரையின் கால் முறிந்து பறந்தது. கதிரைக்குக் கை ஓங்கக்கூடாது என்று நிபந்தனையில் இல்லாததால் வகுப்புத் தப்பியது. அவன் குந்தியிருந்து அழுதான். ஆற்றங்கரையில் பிடிபட்ட நாளிலிருந்து தன்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் எத்தனை கிராம் என்ற கேள்விதான், நீ ஆருடைய பிள்ளை என்று இஞ்சைதான் முதல்முதல் கேட்கிறார்கள் என்று பிறகு முற்றத்தில் நடக்கும்போது சொன்னான். நானும் அவனுக்கு அப்பாவின் கதையைச் சொன்னேன். கதவில் இருக்கிற பெயர் அவருடையது என்றும் சொன்னேன். சிறையில் நான் அதைச் சொன்னது அவன் ஒருவனிடம்தான்.

அம்மா இரண்டு கிழமைக்கு ஒருதரம் வருவாள். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் என் அக்காவோடு இருந்தாள். சுரங்க ரயில், பெரிய ரயில், பேருந்து என்று மூன்று மாறி, கையில் ஒன்றும் கொண்டுவர அனுமதியில்லாமல் வெறுங்கையோடு வந்து உட்கார்வாள். ஆப்பிரிக்கர்களோடு படிக்கிறேன் என்றபோது எங்கள் வீட்டின் அந்தச் சொல்லைச் சொல்லி முகத்தைச் சுளித்தாள். அவள் முகத்தை மலரவைப்பதற்காக நான் பெருமையாகச் சொன்னேன்:

"அம்மா, அங்கை நான்தான் மூத்த ஆள். செத்த ஆக்களுக்குத் தண்ணி ஊத்துறதும் நான்தான்."

அம்மா சின்ன உருவம். அவள் அடித்த அடியில் என் மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் பட்டது.

"கொப்பர் இருக்கேக்கை நீ தண்ணி இறைக்கலாமோ?" என்று கத்தினாள். "எத்தினை கிழமை?"

"எட்டு. இடக்கையாலதான் அம்மா..."

"எந்தக் கையெண்டா என்ன? எட்டுத்தரம் அந்த மனுசனைச் சாக்காட்டிப்போட்டியே!" மற்றக் கன்னத்திலும் விழுந்தது. பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். மூலையில் இருந்த காவலர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். இதை முறைப்பாடாக எழுதவேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அடி வாங்கினவனுக்கு நாற்பத்து மூன்று வயது, பிள்ளைகளை அடித்தால் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் நலப் பிரிவுக்கு என்னில் அக்கறை இருக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா திரும்பிப் பாராமல் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. போகாமல் விட்டிருக்கலாம். போனேன். குவளையை என்னிடம் நீட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். "ஏலாது" என்றேன். ஏன் என்று வகுப்பெடுத்தவள் கேட்கவில்லை, காத்திருந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். காம்பியாக்காரன் என்னை ஒருமுறை பார்த்தான். இவனுக்குத் துக்கத்தில் பெயர் சொல்ல வரவில்லை, நாம் உதவவேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவன் தன் நல்ல மனத்தோடு எழுந்து, குவளையை வாங்கி, என் அப்பாவின் பெயரை உரக்கச் சொன்னான். ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். தண்ணீர் சட்டிக்குள் விழுந்தது.

அடுத்த கணம் அவன் எனக்குக் கீழே கிடந்தான். நான் எப்படி மேசையைத் தாண்டினேன் என்று தெரியாது. அவன் மூக்கு என் கைமுட்டிக்குக் கீழே உடைந்ததை உணர்ந்தேன், அந்தச் சத்தத்தையும் கேட்டேன். நிறுத்தவில்லை. ஒரு பல் என் விரலைக் கிழித்தது. பூச்சட்டி உடைந்து மண் அவன் வாய்க்குள் போனது, அதன்மேலும் அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு "மூத்தவர், மூத்தவர்" என்றான். ட்ராம்காரர் என் கழுத்தைப் பின்னாலிருந்து பூட்டி இழுத்தார். அவருக்கும் ஒரு முழங்கை கொடுத்தேன். அதற்குள் நான்கு காவலர்கள் என்னைத் தரையில் அழுத்திவிட்டார்கள். என் கன்னம் ஈர மண்ணில் கிடந்தது.

"என்ன நடந்தது?" என்று காவல்பெண் கேட்டார்.

காம்பியாக்காரன் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "வழுக்கிப்போட்டுது. தண்ணி."

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். தரையில் தண்ணீரும் கிடந்தது. காவல்பெண் வகுப்பெடுத்தவளைப் பார்த்தார். அவள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வகுப்புத் தப்பிவிடும். நாங்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம். அவள் அழுதுகொண்டு சொன்னாள்:

"இல்லை. அவர் இவரை அடிச்சவர்."

அதோடு வகுப்பு முடிந்தது.

தனியறையில் போட்டார்கள். அங்கே இருந்த நாட்களெல்லாம் அவளை வெறுத்தேன். காட்டிக்கொடுத்தவள். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் அந்தச் சொல்லை ஆளின் கழுத்தில் எழுதித் தொங்கவிட்டு மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்படிக் கட்டப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை அவளுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அது அவளில் ஒட்டவில்லை. அவள் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பொய் சொன்னது மற்ற எட்டுப் பேரும். என்னைச் சேர்த்தால் ஒன்பது, ஏனென்றால் நான் எட்டுக் கிழமையாகவே பொய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தனியறையிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் பிரிவில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. முற்றத்தில் சோமாலியாக்காரன் நேரே வந்து வயிற்றில் ஒன்று விட்டான். நான் முழங்காலில் விழுந்து வாந்தியெடுத்தேன். "வெள்ளிக்கிழமை ஒண்டுதான் இருந்தது. அதையும் திண்டுபோட்டாய்" என்றான். நான் திருப்பி அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை, அடி சரியான முகவரிக்கு வந்ததாக உணர்ந்தேன்.

அன்றே சிறை நிருவாகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். நான்தான் அடித்தேன், வகுப்பில் பிழையில்லை, உண்மையைச் சொன்ன பெண்ணைத் தண்டிக்காதீர்கள், வகுப்பைத் திரும்பக் கொடுங்கள், நான் இனி வரமாட்டேன். எழுதியதைக் காம்பியாக்காரனின் கதவுக்குக் கொண்டுபோனேன். அவன் முகம் இரண்டு நிறத்தில் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"ஏன் அடிச்சனி எண்டு எழுதேல்லையே. எனக்கும் அது தெரியாது."

நின்றபடியே சொன்னேன். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவனுக்குத் தண்ணீர் ஊற்ற உரிமை இல்லை என்றேன். அவன் ஊற்றியது எங்களுக்கு என்ன அர்த்தம் என்றேன். அவன் தன் மூக்குக் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "அதையும் எழுது" என்றான். எழுதினேன். அப்பா காணாமல்போனவர் என்று என் கையால் ஒரு கடதாசியில் எழுதியது அதுதான் முதல் தடவை.

கடிதம் போன ஏழாம் கிழமை வகுப்பைத் திரும்பத் தொடங்கினார்கள், நான் இல்லாமல். நான் பட்டறையில் பலெட் அடித்தேன். ஆணியில் அடிக்கவேண்டிய சுத்தியல் விரலில் விழுந்துகொண்டிருந்தது. பின்னேரம் காம்பியாக்காரன் வந்து என் கதவில் சாய்ந்து நின்றான். மூக்கு இடப்பக்கம் கோணிப்போயிருந்தது, அப்படியே நின்றுவிட்டது.

"இண்டைக்கு இரண்டு குவளை வைச்சது" என்றான். "ஒண்டை ஊத்தினது. மற்றதை ஊத்தேல்லை. செத்தவையோ இருக்கினமோ எண்டு தெரியாத ஆக்களுக்கு எண்டு அவ சொன்னவ. வகுப்பு முடியுமட்டும் மேசையில நடுவில இருந்தது. ஒருத்தரும் தொடேல்லை. கப்பலில ஏத்தினவையின்ர வீட்டு ஆக்களுக்கும் உன்னைப்போலத்தான் இருந்திருக்கும் எண்டவ. போனவை செத்தினமோ எண்டு சொல்ல ஆரும் திரும்பி வரேல்லைத்தானே."

கதவை மூடிவிட்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன்.

அம்மா இரண்டு மாதமாக வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தாள். பொட்டு வழக்கம்போல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: நான் அடித்ததை, வகுப்பெடுத்தவள் பொய் சொல்லாததை, ஊற்றாமல் வைத்த குவளையை. அம்மா கையை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"ஊத்தாமல் வைச்சவையோ?"

"ஓம் அம்மா."

"அது சரி. வெளியால போயிட்டு வாற ஆளுக்குத் தண்ணி எடுத்து வைக்கிறதுதானே." கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பிள்ளையின்ர மூக்கு இப்ப சுகமோ?" என்றாள். அந்தப் பிள்ளை என்றாள். வீட்டின் பழைய சொல்லை அவள் வாயிலிருந்து பிறகு நான் கேட்கவில்லை.

சொல்லவேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் திரும்பிவந்த நாளிலிருந்தே தெரியும். அதை வாய்விட்டுச் சொன்ன ஒருவரின் கண்ணையும், சொல்லாமல் தண்ணீரை ஊற்றிய ஒருவனின் மூக்கையும் உடைத்தேன். சொல்லவேண்டிய ஒரேயொரு ஆள் எனக்கு முன்னால் இருந்தாள். வாயைத் திறந்தேன்.

அப்போது கதவு திறந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த காவலர், வழக்கம்போல் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா சட்டென்று எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாசலைப் பார்த்தாள்.